இஸ்ரேல் கொடியைப் பிழையில்லாமல் வரைவதும் தைப்பதும்: அளவுகளும் அவற்றின் வரலாறும்

இஸ்ரேல் கொடியை நினைவிலிருந்து வரையச் சொன்னால் பலரும் ஒரே பிழையைச் செய்வார்கள். நீலப் பட்டைகளை மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒட்ட வைத்துவிடுவார்கள். அர்ஜென்டினா கொடியில் நீலம் விளிம்பு வரை போகும். இஸ்ரேல் கொடியில் பட்டைக்கு வெளியே, மேலும் கீழும், வெள்ளை ஓரம் உண்டு. யூதர்கள் வழிபாட்டின்போது தோளில் போர்த்திக்கொள்ளும் தாலித் என்ற வெள்ளைச் சால்வையிலிருந்து பிறந்த கொடி இது. அந்தச் சால்வையில் பட்டைகள் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளித்தான் ஓடும். வெள்ளை ஓரத்தை விட்டுவிட்டால் வெறும் நீல வெள்ளைத் துணிதான் மிஞ்சும். சால்வையின் சாயல் போய்விடும்.

பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையில் வரைந்தாலும், மேடைக்குத் துணியில் தைத்தாலும், கணினியில் உருவாக்கினாலும் அளவுகள் ஒன்றுதான்.

சட்டம் சொல்லும் அளவு

1948 அக்டோபர் 28-ல் இஸ்ரேலின் தற்காலிக அரசு மன்றம் வெளியிட்ட அறிவிப்பு கொடியைச் சென்டிமீட்டர் கணக்கில் விவரிக்கிறது. மன்றத் தலைவர் யோசேஃப் ஸ்பிரின்சாக் அதில் கையெழுத்திட்டார். கொடியின் நீளம் 220 செ.மீ., உயரம் 160 செ.மீ. வெள்ளைத் தளத்தில் முழு நீளத்துக்கும் இரண்டு பட்டைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் அகலமும் 25 செ.மீ.; விளிம்புக்கும் பட்டைக்கும் இடையே 15 செ.மீ. நடுவில், இரு பட்டைகளுக்கும் சம தூரத்தில், 5.5 செ.மீ. அகலக் கோடுகளால் ஆன இரண்டு சமபக்க முக்கோணங்கள் சேர்ந்து ஆறுமுனை நட்சத்திரம் ஆகின்றன. முக்கோணங்களின் அடிப்பக்கம் பட்டைகளுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது ஒரு முனை நேர் மேலே, ஒரு முனை நேர் கீழே.

மேலிருந்து கீழே கூட்டிப் பாருங்கள்: 15 + 25 + 80 + 25 + 15 = 160. நீள உயர விகிதம் 11:8. கடைகளில் கிடைக்கும் 3:2 விகித அட்டையில் வரைய வேண்டிய கட்டாயம் வந்தால், உயரத்தை வைத்து எல்லா அளவையும் கணக்கிட்டுப் பட்டைகளின் நீளத்தை மட்டும் கூட்டுங்கள். கணினியில் படத்தை இழுத்து நீட்டினால் நட்சத்திரமும் சேர்ந்து பருத்துவிடும். தொலைவிலிருந்து பார்த்தாலே அந்தக் கோணல் தெரியும்.

நட்சத்திரத்தின் மொத்த உயரத்தை அந்த அறிவிப்பு தனியாகச் சொல்வதில்லை. முக்கோணத்தின் வெளிப்பக்கத்தை 60 செ.மீ. என்று வைத்தால் நட்சத்திரம் 69.3 செ.மீ. உயரம் வரும். மேல்முனைக்கும் பட்டைக்கும் நடுவே 5.4 செ.மீ. இடைவெளி கிடைக்கும். இது ஏறக்குறைய கோட்டின் அகலமே என்பதால் கண்ணுக்கும் சமமாகத் தெரிகிறது. பரவலாகப் புழங்கும் வரைபடங்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன.

சிறிய அளவுகளுக்கு ஓரம், பட்டை, நடுவெள்ளை என்ற வரிசையில் இதோ (செ.மீ.):

110 × 80 கொடிக்கு 7.5, 12.5, 40. நட்சத்திரக் கோடு 2.75.
66 × 48 கொடிக்கு 4.5, 7.5, 24. நட்சத்திரக் கோடு 1.65.
22 × 16 கொடிக்கு (ஏ4 தாளில் அடங்கும்) 1.5, 2.5, 8. நட்சத்திரக் கோடு 0.55.

பட்டையும் நீலமும்

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு எண்ணாகமம் 15:38 நினைவிருக்கும். ஆடையின் ஓரங்களில் தொங்கல்களை உண்டாக்கி, அதில் இளநீல நாடாவைக் கட்டும்படி இஸ்ரவேல் புத்திரருக்குக் கட்டளை வருகிறது. அந்த நீலத்தின் பெயர் தெக்கேலெத். தாலித்தின் நான்கு மூலைகளிலும் தொங்கும் முடிச்சு நூல்கள் இந்தக் கட்டளையின் வழி வந்தவை. சால்வையில் ஓடும் கறுப்பு அல்லது நீலப் பட்டைகள் அந்த நீல நூலை நினைவூட்டுபவை என்பது மரபில் சொல்லப்படும் ஒரு விளக்கம். தெக்கேலெத் கடலைப் போன்றது, கடல் வானத்தைப் போன்றது, வானம் இறைவனின் சிங்காசனத்தைப் போன்றது என்று யூதச் சமய நூலான தால்மூத்தில் ரபி (யூத மத குரு) மேயிர் சொல்கிறார். கொடியின் நீலம் வெறும் அலங்கார நிறம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

அந்தச் சாயம் கிடைத்தது மத்திய தரைக்கடல் நத்தை ஒன்றிலிருந்து. இஸ்லாமியப் படையெடுப்புகளின் காலத்தை ஒட்டி, சுமார் 7-ஆம் நூற்றாண்டில், அதைச் செய்யும் முறை மறைந்துபோனது. பல நூற்றாண்டுகளாக யூதர்கள் தொங்கல் நூல்களை வெள்ளையாகவே கட்டி வந்தார்கள். பின்னாளில் இஸ்ரேலின் தலைமை ரபியான ஐசக் ஹெர்ட்சோக் இந்தச் சாயத்தைப் பற்றியே 1913-ல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு எழுதினார். ம்யூரெக்ஸ் ட்ரன்குலஸ் என்ற நத்தை ஊதாச் சாயம்தான் தந்தது, நீலம் தரவில்லை என்பது அவருக்குப் பெரிய முட்டுக்கட்டை. 1980-களில் இஸ்ரேலின் ஷென்கார் கல்லூரியின் வேதியியலாளர் ஓட்டோ எல்ஸ்னர் அந்தப் புதிரை அவிழ்த்தார். சாயக் கரைசலின் மேல் வெயில் பட்டால் அதிலுள்ள புரோமின் விலகி, ஊதா நீலமாகிவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் பொருள் நம் ஊர் அவுரிச் செடியில் கிடைக்கும் நீலச் சாயமேதான்! செடியிலிருந்து எடுத்த மலிவான நீலத்தை நத்தை நீலம் என்று ஏமாற்றி விற்பவர்களைத் தால்மூத் கண்டிக்கிறது. வேதியியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆனாலும் சமயக் கட்டளைக்கு நத்தையிலிருந்து வந்தால்தான் செல்லும்.

கொடிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 1948 அறிவிப்பு கேட்பது அடர்த்தியான தெக்கேலெத், அவ்வளவுதான். சாய எண் எதையும் தரவில்லை. 2018-ல் இயற்றப்பட்ட அடிப்படைச் சட்டத்திலும் எண் இல்லை. அதனால் கொடிக்குக் கொடி நீலம் சற்று மாறுவது இயல்பு. கணினியில் சிவப்பு 0, பச்சை 56, நீலம் 184 என்ற கலவை பரவலாகப் பயன்படுகிறது. துணிக்கடையில் ராயல் ப்ளூ என்று கேட்டு வாங்குங்கள். நேவி ப்ளூ கறுப்பாகத் தெரியும்; ஸ்கை ப்ளூ வெயிலில் சில வாரங்களில் வெளுத்து வெள்ளையோடு கலந்துவிடும்.

நட்சத்திரம்: முதலில் கதை, பிறகு காம்பஸ்

ஆறுமுனை நட்சத்திரத்தை மாகென் தாவீத், அதாவது தாவீதின் கேடயம், என்கிறார்கள். தாவீது அரசரின் கேடயத்தில் இது இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. பழங்காலத்தில் பல நாடுகளிலும் இது அலங்கார வடிவமாக இருந்தது. முருகனுக்குரிய அறுகோண யந்திரத்தில் நாம் காண்பதும் இதே வடிவம்தான். ஆனால் இரண்டும் தனித்தனி மரபுகள், ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று எழுதிவிடாதீர்கள். கலிலேயாக் கடலோரத்தில் கப்பர்நகூமின் பழைய தொழுகைக்கூடக் கல்வேலைப்பாட்டில் இது வெறும் அணியாக வருகிறது. கெய்ரோவில் எழுதப்பட்டு இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள 1008-ஆம் ஆண்டு எபிரேய வேதாகமச் சுவடியின் அலங்காரப் பக்கம் ஒன்றிலும் இருக்கிறது.

யூத சமூகத்தின் அடையாளமாக இது முதலில் வேர்விட்ட ஊர் பிராக். 14-ஆம் நூற்றாண்டில் நான்காம் சார்லஸ் மன்னர் பிராக் யூதர்களுக்குத் தனிக் கொடி வைத்துக்கொள்ளும் உரிமை தந்தார் என்பது மரபுச் செய்தி. அந்த ஊரில் ‘பழைய புதிய தொழுகைக்கூடம்’ என்றே பெயர் கொண்ட கூடத்தில் நட்சத்திரம் பொறித்த அந்தச் சமூகக் கொடி இன்றும் தொங்குகிறது. பிராக்கின் எபிரேய அச்சகங்களும் இதைத் தங்கள் முத்திரையாக்கிக்கொண்டன. அங்கிருந்து வியன்னா, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவி, 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களின் சிலுவைக்கு இணையான யூத அடையாளமானது. சமய நூல்களில் வேரூன்றிய சின்னம் என்றால் அது மெனோரா என்ற ஏழு கிளை விளக்குத்தான். 1949 பிப்ரவரியில் அந்த விளக்கை இஸ்ரேல் தன் அரசு முத்திரையில் வைத்தது. கொடியில் நட்சத்திரம் நிலைத்தது.

இனி வரைதல். முழு அளவுக் கொடிக்குச் சொல்கிறோம். 22 × 16 தாளுக்கு ஒவ்வொரு எண்ணையும் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கொடியின் நடுப்புள்ளியைக் குறியுங்கள்: இடமிருந்து 110, மேலிருந்து 80. அதை மையமாக வைத்து 34.6 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். துணியில் என்றால் நூல், குண்டூசி, தையல் சாக்பீஸ் போதும். நூலை ஒரே இறுக்கத்தில் பிடிக்க வேண்டும். வட்டத்தின் நேர் உச்சியில் முதல் புள்ளி. காம்பஸின் விரிவை மாற்றாமல் அங்கிருந்து வட்டத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே வந்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஆறாவது வெட்டு முதல் புள்ளியிலேயே வந்து விழ வேண்டும். விழாவிட்டால் காம்பஸ் நகர்ந்துவிட்டது. மேலே போகாமல் அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளைச் சேர்த்தால் இரண்டு வெளி முக்கோணங்கள்.

அதே மையத்தில் 23.6 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம். மையத்திலிருந்து ஆறு முனைகளுக்கும் மெல்லிய கோடு இழுத்தால் அவை உள்வட்டத்தை ஆறு இடத்தில் வெட்டும். அவற்றையும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் உள் முக்கோணங்கள் இரண்டும் தயார். இரண்டு ஆரங்களுக்கும் வித்தியாசம் 11, கோட்டின் அகலத்தைப் போல் சரியாக இரு மடங்கு. அதனால்தான் எல்லாப் பக்கமும் 5.5 செ.மீ. தானாகவே அமைகிறது. அளவுகோலை வைத்து இணைகோடு தள்ளித் தள்ளி வரைபவர்களுக்கு ஏதாவது ஒரு பக்கம் தடித்துவிடும்.

ஒவ்வொரு வெளி முக்கோணத்துக்கும் அதன் உள் முக்கோணத்துக்கும் இடைப்பட்ட பட்டையில் மட்டும் நீலம் தீட்டுங்கள். இரு முக்கோணங்களும் குறுக்கிடும் இடத்தில் நீலத்தின் மேல் நீலம் வரும். நடுவில் வெள்ளைக் கோடு விட்டு, பின்னிய கயிறு மாதிரி காட்டக் கூடாது. முடிந்ததும் வெள்ளை இடைவெளிகளை எண்ணுங்கள். முனைகளில் ஆறு சிறு முக்கோணங்கள், நடுவே ஓர் அறுகோணம், மொத்தம் ஏழு. முனை முக்கோணத்தின் பக்கம் சுமார் 7.3 செ.மீ., அறுகோணத்தின் பக்கம் சுமார் 13.7 செ.மீ. இருந்தால் வேலை சுத்தம். ஏழில் ஒன்று குறைந்தால் கோடு தடித்துவிட்டது என்று பொருள். நட்சத்திரம் முழுவதையும் நீலமாக அடைத்துவிடுவது இன்னொரு வழக்கமான பிழை.

கணினியில் செய்பவர்கள் 1100 × 800 அளவுப் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைகள் மேலிருந்து 75-லும் 600-லும் தொடங்கும், உயரம் 125. மையம் (550, 400). மையத்திலிருந்து முனைக்கு 145.7 வரும்படி (கோட்டின் நடுவை வைத்து எடுத்த அளவு இது) இரண்டு முக்கோணம் வரைந்து, கோட்டுத் தடிமன் 27.5 கொடுங்கள். கோடுகள் சேரும் மூலை கூர்மையாக இருக்கும்படி அமைக்க மறந்தால் முனைகள் மழுங்கி நட்சத்திரம் குட்டையாகிவிடும்.

துணியில் தைக்க

உள்ளே மாட்ட காட்டன் பாப்ளின், வெளியே பறக்கவிட பாலியெஸ்டர். வெள்ளைத் துணியின் மேல் நீலப் பட்டையை ஒட்டித் தைப்பதைவிட ஐந்து துண்டுகளாக வெட்டி இணைப்பது நல்லது. இரு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், துணியும் கனக்காது. மேலும் 160 செ.மீ. உயரத்தை ஒரே துணியில் எடுக்க 58 அங்குல அகலம் (147 செ.மீ.) போதாது.

இணைப்புத் தையலுக்கு 1.5 செ.மீ., மேல் கீழ் மடிப்புக்கு 3 செ.மீ., பறக்கும் முனையின் (கம்புக்கு எதிர்ப்பக்கம்) மடிப்புக்கு 4 செ.மீ. சேர்த்தால் வெட்ட வேண்டிய அகலங்கள்: ஓர வெள்ளை 19.5 (இரண்டு), நீலம் 28 (இரண்டு), நடுவெள்ளை 83. எல்லாவற்றுக்கும் நீளம் 225.5. வெள்ளைத் துண்டுகளின் அகலம் மொத்தம் 122 செ.மீ.தான், 58 அங்குலத் துணியில் 2.3 மீட்டர் வாங்கினால் போதும். நீலமும் 58 அங்குலத்தில் 2.3 மீட்டர், மிச்சத் துணியில் நட்சத்திரம் அடங்கிவிடும். 44 அங்குல நீலம்தான் கிடைக்கிறது என்றால் 3.1 மீட்டர் கேளுங்கள். காட்டன் என்றால் இரண்டிலும் 20 செ.மீ. கூட வாங்கி, நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். நீலத் துண்டு ஒன்றையும் வெள்ளைத் துண்டு ஒன்றையும் சேர்த்து வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். வெள்ளையில் நீலம் ஏறினால் அந்தத் துணி வேண்டாம். முதல் மழையிலேயே கொடி பாழாகிவிடும்.

நட்சத்திரத்தைத்தான் முதலில் தைக்க வேண்டும், நடுவெள்ளைத் துண்டு தனியாக இருக்கும்போதே. அந்தத் துண்டில் பறக்கும் முனையின் மடிப்பு 4 செ.மீ., கம்புப் பக்கத் தையல் 1.5 செ.மீ. கூடுதலாக இருப்பதை மறந்து துணியை இரண்டாக மடித்து நடு எடுத்தால் நட்சத்திரம் ஒரு பக்கம் தள்ளிப் போகும். கம்புப் பக்கத்திலிருந்து 111.5 செ.மீ. அளந்து குறியுங்கள்.

வெள்ளையில் நட்சத்திரத்தை வரைந்து, அதன் பின்னால் 65 × 75 செ.மீ. நீலத் துணியை வைத்துக் குண்டூசி குத்துங்கள். எல்லாக் கோடுகளின் மேலும் நெருக்கமாக ஜிக்ஜாக் தையல் போடுங்கள். பிறகு முன்பக்கத்தில் நட்சத்திரப் பட்டைகளுக்குள் இருக்கும் வெள்ளையை வெட்டி எடுங்கள். பின்பக்கத்தில் அந்தப் பட்டைகளுக்கு வெளியே இருக்கும் நீலத்தை வெட்டி எடுங்கள். கூரான சிறு கத்திரி வேண்டும். தையலுக்கு 2 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். இப்போது நட்சத்திரம் இரு பக்கமும் நீலமாகத் தெரியும். சாய்ந்த கோடுகள் துணியின் இழைக்குக் குறுக்காகப் போவதால் மெஷினில் இழுபட்டுச் சுருங்கும். அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுத்தால் சுருக்கம் வராது.

பட்டைகளை இணைக்கும்போது தையல் ஓரம் இரண்டையும் நீலத்தின் பக்கம் சாயுங்கள். வெள்ளைத் துணியின் தையல் ஓரத்தை அரை செ.மீ.க்கு நறுக்கி, நீலத் துணியின் தையல் ஓரத்தை அதன் மேல் மடித்து இரண்டாம் தையல் போடுங்கள். வெள்ளைப் பக்கம் சாய்த்தால் உள்ளே இருக்கும் நீலம் நிழலாகத் தெரியும். பறக்கும் முனையில் மூன்று வரித் தையல் கட்டாயம். காற்று முதலில் கிழிப்பது அங்கேதான். கடைசியாகக் கம்புப் பக்கத்தில் கேன்வாஸ் பட்டை வைத்து, மேலும் கீழும் கயிற்றுக்கான வளையம். இந்தக் கொடியைத் தலைகீழாகத் திருப்பினாலும் தோற்றம் மாறாது. அதனால் எந்த நெடும்பக்கத்தை மேலே வைத்தாலும் தவறில்லை.

அறிமுக அட்டையில் எழுத

கண்காட்சிக்குக் கொடியோடு ஒரு சிறு குறிப்பும் வைப்பார்கள். அதில் 1948-ல் ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்த கொடி என்று எழுதினால் தவறு. 1885-ல், பாலஸ்தீனத்தில் யூதர்கள் அமைத்த ரிஷோன் லெசியோன் குடியிருப்பின் மூன்றாம் ஆண்டு விழாவிலேயே நீலப் பட்டைகளும் நட்சத்திரமும் கொண்ட கொடி ஊர்வலமாகப் போனது. 1891-ல் அமெரிக்காவின் பாஸ்டனிலும் அதே மாதிரி ஒன்று உருவானது. யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்ட்சல் 1896-ல் முன்வைத்தது வேறு: வெள்ளைத் தளத்தில் ஏழு பொன் நட்சத்திரங்கள், அவை ஏழு மணி நேர வேலைநாளைக் குறிக்கும் என்றார். அது எடுபடவில்லை. 1897 ஆகஸ்டில் பாசெல் நகரில் முதல் சியோனிச மாநாடு கூடியபோது எந்தக் கொடியை ஏற்றுவது என்ற கேள்வி எழ, நம்மிடம் தாலித் இருக்கிறதே என்ற யோசனை ஹெர்ட்சலோடு உழைத்த டேவிட் வுல்ஃப்சோனுக்கு வந்தது. தாலித் மாதிரியில் அமைந்த அந்த நீல வெள்ளைக் கொடியை 1933-ல் பிராக்கில் கூடிய 18-ஆவது மாநாடு முறைப்படி ஏற்றது.

1941-ல் நாஜி ஜெர்மனி இதே நட்சத்திரத்தை மஞ்சள் துணியில் வெட்டி, யூதர்கள் நெஞ்சில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. இழிவுபடுத்த வைத்த அடையாளம் ஏழே ஆண்டுகளில் ஒரு நாட்டின் கொடியில் பறந்தது. அட்டையில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் நாம் இதைத்தான் எழுதச் சொல்வோம்.

1948 மே 14-ல் டெல் அவிவில் விடுதலை அறிவித்தபோது சுவரில் தொங்கியது சியோனிச இயக்கத்தின் கொடி. அரசுக் கொடி இன்னும் முடிவாகவில்லை. இயக்கத்துக்கும் அரசுக்கும் ஒரே கொடி என்றால் பிற நாடுகளில் வாழும் யூதர்களின் விசுவாசத்தின் மேல் சந்தேகம் வருமே என்று வெளியுறவு அமைச்சர் மோஷே ஷாரெட் போன்றோர் தயங்கினார்கள். பொதுமக்களிடம் வரைபடங்கள் கேட்டார்கள், ஏராளமாக வந்தன. கடைசியில் பழைய கொடியையே ஏற்றார்கள்.

மேலும் கீழும் உள்ள பட்டைகள் நைல், யூப்ரடீஸ் நதிகளைக் குறிப்பவை என்ற கதை இணையத்தில் சுற்றுகிறது. அதை எழுத வேண்டாம். பட்டைகள் தாலித்திலிருந்து வந்தவை. அதே நேரத்தில், நாட்டின் குடிமக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அரபு மக்கள் என்பதையும், யூதச் சின்னங்கள் மட்டும் உள்ள கொடி தங்களைக் குறிக்கவில்லை என்று அவர்களில் பலர் சொல்வதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

படம் ஒன்று வைக்க இடமிருந்தால், மையால் தீட்டியதால் ‘மைக் கொடி’ எனப்படும் கொடியின் புகைப்படத்தைத் தேடுங்கள். 1949 மார்ச் 10-ல் இன்றைய ஏலாத் நகரம் இருக்கும் உம் ரஷ்ரஷை அடைந்த இஸ்ரேல் படையினரிடம் கொடி இல்லை. வெள்ளைப் படுக்கை விரிப்பில் மையால் இரண்டு பட்டை தீட்டி, முதலுதவிப் பையிலிருந்த நட்சத்திரத்தைப் பிய்த்துத் தைத்து ஏற்றினார்கள். மீகா பெரி எடுத்த அந்தப் படத்தில் கம்பத்தில் ஏறுபவர் அவ்ரஹாம் அதான்.

படம் தேடும்போது கப்பல் கொடிகளை எடுத்துவிடாமல் பாருங்கள். நீலத் தளத்தில் வெள்ளை நீள்வட்டமும் அதற்குள் நட்சத்திரமும் இருந்தால் அது வணிகக் கப்பல் கொடி. நீலத் தளத்தில் கம்புப் பக்கம் வெள்ளை முக்கோணம் இருந்தால் அது கடற்படைக் கொடி.